கொலு பொம்மைக்குப் பழைய பேப்பர், கண்டெய்னருக்குக் காற்றுப்பை: 'ரீசைக்கிள்' முத்திரையை அப்படியே நம்பலாமா?

நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மை வாங்கியிருக்கிறீர்களா? தசாவதார செட்டுக்குப் பேரம் பேசி முடித்ததும் கடைக்காரர் செய்வதைக் கொஞ்சம் கவனியுங்கள். பழைய பேப்பரைக் கசக்கி, மச்சத்துக்கும் கூர்மத்துக்கும் நடுவில் திணிப்பார். பெட்டியைக் கையில் தூக்கி ஒருமுறை ஆட்டுவார். 'கடகட'ன்னு சத்தம் வந்தால் இன்னும் ரெண்டு பேப்பர். சத்தம் நின்ற பிறகுதான் கயிறு.

சரக்கு அனுப்புகிற தொழிலின் பாதி விஞ்ஞானம் அந்த ஆட்டலில் இருக்கிறது. பொருள் உடைவதற்கு முக்கியக் காரணம், அது உள்ளே நகர இடம் கிடைப்பதுதான். சின்னப் பெட்டியை ஆட்டிப் பார்த்துவிடலாம். 20 அடி கண்டெய்னரை யார் ஆட்டுவது? கடல்தான் ஆட்டும்.

ஒரு சின்னக் கணக்கு. சாதாரணக் கண்டெய்னரின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர். சரக்கை அடுக்கும் பாலெட் பலகையில் அதிகம் புழங்கும் அளவு 1.2 மீட்டருக்கு 1 மீட்டர். ஒன்றை நீளவாக்கிலும் இன்னொன்றைக் குறுக்குவாக்கிலும் பக்கத்தில் வைத்தால் 2.2 மீட்டர் போய்விடும். மிச்சம் 15 செ.மீ. உள்ளங்கையை விரித்து வைத்தால் மறைந்துவிடுகிற இடைவெளிதான். ஆனால், ஐ.நா.வின் கடல்சார் அமைப்பும் தொழிலாளர் அமைப்பும் ஐரோப்பியப் பொருளாதார ஆணையமும் சேர்ந்து 2014-ல் கொண்டுவந்த 'சி.டி.யூ. கோட்' என்ன சொல்கிறது தெரியுமா? மோசமான கடலில் சரக்கைப் பக்கவாட்டில் தள்ளும் விசை, அதன் எடையில் 80 சதவிகிதம் வரை போகும் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 800 கிலோ பாலெட் என்றால் 640 கிலோ தள்ளு. கப்பல் ஒருதடவை சாய்ந்து நிமிர்வதோடு விட்டால் பரவாயில்லை. வழி நெடுக இதே வேலைதான்!

அந்த 15 செ.மீ.யை அடைக்க முன்பெல்லாம் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். இப்போதும் கொடுக்கிறார்கள். ஆனால், மரத்தோடு பூச்சியும் நாடு விட்டு நாடு போகிறது என்பதால் 2002-ல் 'ஐ.எஸ்.பி.எம். 15' என்ற சர்வதேச விதி வந்தது. பேக்கிங்குக்குப் பயன்படும் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியோ, மருந்துப் புகை போட்டோ முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத கட்டை ஒன்று உள்ளே கிடந்தாலும் மொத்தச் சரக்கும் துறைமுகத்தில் நின்றுவிடக்கூடும். பேப்பருக்கு இந்தத் தொல்லை கிடையாது. காகித ஏர்பேக்குக்குச் சந்தை விரிந்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

தலையணை மாதிரி, ஆனால் தலையணை இல்லை

தொழிலில் இதற்கு 'டன்னேஜ் பேக்' என்று பெயர். பார்ப்பதற்குச் சிமென்ட் மூட்டையின் அண்ணன் மாதிரி, தட்டையாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். வெளியே கிராஃப்ட் பேப்பர், சிலவற்றில் ஒரு அடுக்கு, சிலவற்றில் பல அடுக்கு. 'கிராஃப்ட்' என்றால் ஜெர்மன் மொழியில் வலிமை. 1879-ல் டான்சிக் நகரில் கார்ல் டால் என்பவர் உருவாக்கிய காகிதக்கூழ் முறையிலிருந்து வந்த பெயர் அது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை. மூலையில் ஒரு வால்வு. பாலெட்டுகளுக்கு நடுவில் பையைத் தொங்கவிட்டு, கம்ப்ரஸர் குழாயைச் செருகினால் சில விநாடிகளில் புஸ்ஸென்று உப்பி இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு காற்று? சாதாரண பைகளுக்கு 0.2 பார் அளவு அழுத்தம் போதும். உங்கள் கார் டயரில் இருப்பது அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். "இத்தனூண்டு காற்று டன் கணக்கில் தாங்குமா?" என்று கேட்கத் தோன்றும். தாங்கும். காரணம் பரப்பளவு. 0.2 பார் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன் விசை. பை சரக்கைத் தொடும் இடம் அரை சதுர மீட்டர் என்றால்கூட ஒரு டன். மேலே பார்த்த 640 கிலோவை அநாயாசமாகப் பிடித்துவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இடைவெளி அகலமாக ஆக, பை உருண்டு பந்து மாதிரி ஆகிவிடும். சரக்கைத் தொடும் பரப்பு சுருங்கும், பிடிமானமும் குறையும். அதனால் 'பெரிய பை வாங்கினால் எந்தச் சந்தையும் அடையும்' என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். கதவுப் பக்கம் இதை முட்டுக் கொடுக்கவே கூடாது. மறுமுனையில் கதவைத் திறப்பவர் மீது சரக்கோடு கதவும் வந்து விழும்.

அடுத்த எதிரி குளிர். சென்னையில் 35 டிகிரி வெயிலில் 0.2 பார் ஏற்றிய பை, ஐரோப்பியக் குளிர்காலத்தில் 5 டிகிரிக்குப் போனால் என்ன ஆகும்? பள்ளிக்கூட இயற்பியல்தான். பையின் கொள்ளளவு மாறாது என்று வைத்துக்கொண்டால், மிச்சம் இருப்பது சுமார் 0.08 பார். பாதிக்கும் கீழே! ஓட்டை இல்லை, கசிவு இல்லை, காற்று குளிர்ந்து சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். போகிற ஊரின் தட்பவெப்பத்தைக் கேட்காமல் காற்றடிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஈரப்பதம் இன்னொன்று. கிராஃப்ட் பேப்பர் ஈரத்தை உறிஞ்சினால் வலிமை குறையும். ஐப்பசி மழையில் நனைந்த கோடவுன் தரையில் கிடந்த பைகளை எடுத்துப் பயன்படுத்துவது, பணம் கொடுத்து ரிஸ்க் வாங்குகிற வேலை.

முத்திரைக்குப் பின்னால்

இப்போது விஷயத்துக்கு வருவோம். பையின் மேல் மூன்று அம்புக்குறி போட்டு '100% ரீசைக்கிள் செய்யலாம்' என்று அச்சிட்டிருப்பார்கள். பொய் என்று சொல்ல முடியாது. முழு உண்மை என்றும் சொல்ல முடியாது.

வெறும் பேப்பரால் காற்றைப் பிடித்துவைக்க முடியாது. அதற்கு நுண்துளைகள் அதிகம். அதனால்தான் உள்ளே பாலிஎத்திலீன் பை. சில ரகங்களில் பேப்பர் தனியாக, பிளாஸ்டிக் பை தனியாக இருக்கும். சரக்கு இறங்கியதும் கிழித்து, உள்பையை உருவி எடுத்துவிடலாம். பேப்பர் பேப்பரோடு, பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு போகும். வேறு சில ரகங்களில் பேப்பரின் முதுகிலேயே பின்னிய பாலிபுரொப்பிலீன் துணியை உருக்கி ஒட்டியிருப்பார்கள். பை ரொம்ப வலு. ஆனால், நகத்தால் கீறினாலும் இரண்டும் பிரியாது.

பிரியாவிட்டால் என்ன? பேப்பர் மில்லில் பழைய காகிதத்தை முதலில் தண்ணீரோடு சேர்த்து ஒரு ராட்சத மிக்ஸியில் அடிக்கிறார்கள். காகிதம் நார்நாராகக் கரையும். பிளாஸ்டிக் கரையாமல் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு, கழிவாக வெளியே வரும். ஒட்டியே இருக்கும் பேப்பர் நாரும் அதோடு போய்விடும். கோவை, உடுமலைப்பேட்டை, சத்தியமங்கலம் பக்கம் இருக்கும் கிராஃப்ட் மில்கள் பழைய அட்டையை நம்பி ஓடுபவை. அவர்களுக்கு வேண்டியது நார். லேமினேஷன் அல்ல.

இதை மில்காரர்களுக்கு முன்பே கண்டுபிடிப்பவர் உங்கள் தெருமுனை பழைய பேப்பர் கடைக்காரர். அடையாற்றிலோ தி.நகரிலோ எந்தக் கடையிலும் பாருங்கள், நியூஸ்பேப்பர் தனி, நோட்டுப்புத்தகம் தனி, அட்டை தனி. பளபள லேமினேட் சமாசாரம் வந்தால் ஒரு மூலையைக் கிழித்துப் பார்ப்பார். பிசிறு பிசிறாகக் கிழிந்தால் தராசுக்குப் போகும். இழுபட்டு நீண்டால் ஓரமாகப் போகும். என்னைக் கேட்டால், எந்தச் சான்றிதழையும்விட இந்த மூலை டெஸ்ட் நேர்மையானது. தராசுக்குப் போகாதது கடைசியில் எங்கே போகும் என்பது தென்சென்னைக்காரர்களுக்குத் தெரியும். பெருங்குடி குப்பைமேடு உட்கார்ந்திருப்பது, 2022-ல் ராம்சர் அந்தஸ்து பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரத்தில்.

இந்தச் சந்தையின் விநோதமே இதுதான்: பையை வாங்குபவர் ஒருவர், குப்பையைச் சுமப்பவர் வேறொருவர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து உதிரிபாகம் அனுப்பும் கம்பெனி விலையைப் பார்த்து வாங்கும். பையைக் கிழித்துப் போடும் தலைவலி ஜெர்மனியில் இருப்பவருக்கு. அங்கிருந்து மெஷின் வந்தால் பை நம் ஊரில் இறங்கும். ஒருவழிப் பயணம் என்பதால் அனுப்புகிறவருக்கு அக்கறை இருப்பதில்லை. இப்போது அதில் சின்ன மாற்றம். 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேக்கேஜிங் சட்டம், 2030-க்குள் அங்கே சந்தைக்கு வரும் பேக்கிங் எல்லாம் மறுசுழற்சிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் 2022 பிப்ரவரி முதல் பிளாஸ்டிக் பேக்கேஜிங்குக்கு உற்பத்தியாளர், இறக்குமதியாளர், பிராண்ட் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதிமுறை இருக்கிறது. ஆகவே, உள்பை பிரிந்து வருமா என்ற கேள்வி இனி விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும்.

சரி, நமக்கு எதுக்கு இது?

தி.நகரிலிருந்து குத்துவிளக்கு, பாத்திரம், புடவை என்று வீட்டிலிருந்தே ஏற்றுமதி செய்கிறவர்கள் இப்போது நிறைய. நீங்கள் அப்படி ஒருவர் என்றால், பை விற்பவரிடம் 'ரீசைக்கிள் ஆகுமா' என்று கேட்காதீர்கள், 'ஆகும்' என்றுதான் சொல்வார். ஒரு சாம்பிள் வாங்கி மூலையைக் கிழியுங்கள். கூடவே எத்தனை செ.மீ. இடைவெளிக்கு, எத்தனை பாருக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஒற்றைப் பெட்டி அனுப்புகிறவர்களுக்கு டன்னேஜ் பேக் தேவையே இல்லை. பெரிய ஆன்லைன் கம்பெனிகளே சின்னப் பெட்டிகளில் பிளாஸ்டிக் காற்றுத் தலையணையைக் கைவிட்டு, கசக்கிய காகிதத்துக்கு மாறிவிட்டன. இந்தியாவில் தன் கிடங்குகளில் இதைச் செய்துவிட்டதாக அமேசான் 2020 ஜூனில் அறிவித்தது. மாட வீதிக் கடைக்காரர் எத்தனையோ வருஷமாகச் செய்வதுதான்!

விமானத்தில் அனுப்புவதாக இருந்தால் இன்னொன்று: மேலே போனதும் காற்றழுத்தம் குறையும், மூடிய காற்றுப்பைகள் சிப்ஸ் பாக்கெட் மாதிரி உப்பும். பீங்கானுக்கும் மண் பொம்மைக்கும் நடுவில் விம்மி நிற்கும் பை, பாதுகாப்பைவிட நெருக்கடியைத்தான் தரும். கசக்கிய பேப்பர் உப்பாது. பெட்டியில் ஊறுகாயும் போகிறது என்றால் அதை மட்டும் தனி டப்பாவில் போட்டு நன்றாக மூடிவிடுங்கள். எண்ணெய் குடித்த பேப்பரை எந்த ஊர் பழைய பேப்பர் கடையிலும் எடுக்க மாட்டார்கள்.