சின்னக் காரும் பெரிய பொறுமையும்



மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, பிளாஸ்டிக் துண்டுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் குனிந்திருக்கும் பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். "ஒரு விளையாட்டுக் காருக்கா இத்தனை பாடு? படிக்கிற நேரம் வீணாகிறதே!" என்று ஏசியும் இருப்பீர்கள். நானும் ஒருகாலத்தில் அப்படி நினைத்தவன்தான். என் எண்ணத்தை மாற்றியவர் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தக் கைவேலையைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வோம்.

இவை கடையில் முழுதாக விற்கும் விளையாட்டுக் கார்கள் அல்ல. பந்தய மைதானத்தில் ஓடிய நிஜக் காரை ஒரே அளவு விகிதத்தில் சுருக்கி, பாகம் பாகமாக வார்த்துப் பெட்டியில் தருகிறார்கள். 4 மீற்றர் நீளமான காரை 20இல் 1 பங்காகச் சுருக்கினால் 20 சென்ரிமீற்றர் நீளம் வரும். 12இல் 1 பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர் வரும். ஒட்டுவதும் நிறம் பூசுவதும் மெருகேற்றுவதும் வாங்கியவரின் வேலை.

இத்துறையில் பேர்பெற்றது ஜப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள தமியா நிறுவனம். அது 1946ஆம் ஆண்டு மர வியாபாரமாகத் தொடங்கியது. பின்னர் மரத்தாலான மாதிரிகளைச் செய்து விற்றார்கள். 1951இல் ஏற்பட்ட தீ விபத்து அவர்களைப் பெரிதும் பாதித்தது. பிளாஸ்டிக் மாதிரிகள் சந்தையைப் பிடித்தபோது, 1960இல் யமாட்டோ என்ற போர்க்கப்பலின் மாதிரியைத் தாமும் பிளாஸ்டிக்கில் வெளியிட்டார்கள். அதே கப்பலை இன்னொரு கொம்பனி குறைந்த விலைக்கு விற்றது. தமியாவும் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. அச்சுக்குச் செலவிட்ட பணம்கூடத் திரும்பவில்லை.

அந்த நெருக்கடியில் கைகொடுத்தது எது தெரியுமா? சின்னஞ்சிறு பந்தயக் கார்கள்தான்! வேறொருவரின் விளையாட்டுச் சாமான் அச்சைக் கொண்டு வார்த்த அந்தக் கார்கள் எதிர்பாராத அளவுக்கு விற்பனையாயின.

பிறகு 1967இல் ஹொண்டா நிறுவனத்தின் போர்முலா வன் காரை 12இல் 1 பங்கு அளவில் செய்தார்கள். 1976இல் வெளிவந்த போர்ஷே 934 மாதிரிக்காகவோ, நிஜமான போர்ஷே 911 கார் ஒன்றையே விலைக்கு வாங்கி, கழற்றிப் பார்த்துப் படித்தார்கள். நிறுவனத்தை இவ்வாறு நடத்திச் சென்ற ஷுன்சாகு தமியா 2025ஆம் ஆண்டு, தமது 90ஆவது வயதில் காலமானார்.

இனி வேலைக்கு வருவோம். பாகங்கள் ஒரு சட்டத்தோடு இணைந்தபடியே வரும். அவற்றைக் கையால் முறிக்கக் கூடாது. சிறிய வெட்டுக் குறட்டால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, அரத்தாளால் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கான பசை, இரு விளிம்புகளையும் இலேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். ஆகவே ஒரு துளி அதிகமானாலும் பாகம் உருகிக் கெட்டுவிடும். கண்ணாடிபோன்ற பாகங்களுக்கு உடனடியாக ஒட்டும் 'சுப்பர் குளூ' வகைப் பசையைப் பூசினால் அவை வெண்மை படிந்து மங்கிப்போகும்.

அடுத்து அடிப்பூச்சு. கண்ணுக்குத் தெரியாத கீறலையெல்லாம் இந்தச் சாம்பல் நிறப் பூச்சு காட்டிக்கொடுத்துவிடும். மீண்டும் தேய்த்து, மீண்டும் பூச வேண்டும். சிவப்பும் மஞ்சளும் பளிச்சென்று தெரிய, அவற்றின் கீழே வெள்ளை பூசுவார்கள். ஒரேயடியாகத் தடிப்பாக அடித்தால் பெயின்ட் வழிந்துவிடும். மெல்லியதாகப் பல தடவை அடிப்பதே முறை. எனாமல் பூச்சின்மேல் லாக்கர் அடித்தால் கீழுள்ள பூச்சு சுருங்கிவிடும்.

காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. மூக்கருகே கொண்டுபோங்கள். பெயின்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அதற்குச் சில நாட்கள்கூட ஆகலாம். அதன்பின் காரின் இலக்கத்தையும் விளம்பர எழுத்துக்களையும் தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து வழுக்கியெடுத்து ஒட்டுவார்கள். அவற்றின்மேல் நிறமற்ற பூச்சு அடித்து, அது நன்றாகக் காய்ந்தபின், மிக நுண்ணிய அரத்தாளை ஈரமாக்கித் தேய்ப்பார்கள். கடைசியில் மெருகுப் பசையிட்டு மென்மையான துணியால் துடைக்கும்போதுதான் கண்ணாடிபோன்ற பளபளப்பு வரும்.

தாய்மாரே, இங்கே ஒரு எச்சரிக்கை. பெயின்ட், தின்னர், பசை ஆகியவற்றின் ஆவி நல்லதல்ல. கதவை மூடிய அறையில் இந்த வேலைக்கு இடம் கொடுக்காதீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், தீப்பற்றும். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் உள்ள வீட்டில் இன்னும் கவனம் தேவை. சாதாரணத் துணி முகமூடி தூசியை ஓரளவு தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது.

இனி அந்த மாணவரின் கதை. ஒரு நாள் தாம் செய்த போர்முலா காரை என்னிடம் கொண்டுவந்தார். பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இயந்திரம், அதைச் சுற்றி நூலளவு மெல்லிய வயர்கள். ஒவ்வொன்றையும் சாவணத்தால் பிடித்துப் பொருத்தியிருந்தார். அதற்கே ஒரு வாரம் சென்றதாம்.

"மூடியைப் போட்டால் இது யாருக்கும் தெரியாதே, தம்பி?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியுமே, ஹஸ்ரத்" என்றார்.

இவர்தான் பாடக் கொப்பியில் ஒரு பக்கத்தை முழுதாக எழுதி முடிக்காத மாணவர்! ஆர்வமில்லாத பிள்ளை என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். அவசரப்பட்டவன் நான்தான் என்பது அன்று விளங்கியது. அதன்பின் அவர் எழுதி முடிக்க இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்தேன். பக்கங்கள் நிறைந்தன.

நீங்கள் தைக்கும் சட்டையின் உட்பக்கத் தையலை யார் பார்க்கிறார்கள்? ஆனாலும் ஒழுங்காகத் தைக்கிறீர்கள் அல்லவா? அதே குணம்தான் இது. ஆகவே பிள்ளையை ஏசுமுன் ஒருமுறை பக்கத்தில் போய் உட்காருங்கள். படிப்புக்கு ஒரு நேரம், இதற்கு ஒரு நேரம் என்று பேசி வையுங்கள். செலவுக்கும் ஓர் எல்லை வையுங்கள். ஒன்றை முடித்த பின்பே அடுத்த பெட்டி என்று சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பிறகு, "மூடிக்குள்ளே என்ன செய்திருக்கிறாய், காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள்.