காப்பகத்தை விட்டுச் சென்றவர் எங்கே?

வீடற்றோருக்காகப் பொதுப்பணத்தில் நடத்தப்படும் காப்பகம் ஒன்று தன் வேலையைச் செய்கிறதா என்பதை எவ்வாறு அறிவது என்னும் கேள்வி, காப்பகங்கள் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து நெடுநாள் சென்ற பின்னரே இந்தியாவில் எழுந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த உணவுரிமை வழக்கின் ஆணையர் என். சி. சக்சேனாவும் சிறப்பு ஆணையர் ஹர்ஷ் மந்தரும், கடுங்குளிர் நாளில் தில்லியில் ஒரு தற்காலிகக் காப்பகம் இடிக்கப்பட்டதை 2010 ஜனவரியில் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்றனர். ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் திறந்திருக்கும் காப்பகங்களை அமைப்பது அரசின் கடமை என்பது அதையடுத்து வந்த ஆணைகளால்தான் உறுதிப்பட்டது. முதலில் தில்லிக்கு மட்டும் பிறப்பிக்கப்பட்டவை அவ்வாண்டிலேயே பிற மாநிலங்களுக்கும் விரிந்தன. 2013 செப்டம்பரில் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதனை ஒரு திட்டமாக்கிப் பணமும் ஒதுக்கியது. 2016 நவம்பரில், இ. ஆர். குமார் வழக்கில் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் குழு ஒன்றை நீதிமன்றம் அமைத்தபோது கேட்கப்பட்ட கேள்விகள் அடிப்படையானவை: காகிதத்தில் உள்ள காப்பகங்கள் களத்திலும் உள்ளனவா, அவை வழிகாட்டு நெறிகளின்படி அமைந்துள்ளனவா, பணம் இருந்தும் பணி ஏன் நகரவில்லை. இக்கேள்விகள் தேவையானவை என்றாலும் கட்டடத்தின் வாசலோடு அவை நின்றுவிடுகின்றன. உள்ளே வந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்பதை அவை தொடுவதில்லை.

வழிகாட்டு நெறிகள் வகுத்த அளவுகோலிலிருந்தே மதிப்பீடு தொடங்க வேண்டும். நகர மக்கள்தொகையில் ஒவ்வொரு லட்சம் பேருக்கும் குறைந்தது 100 பேர் தங்கும் இடம், ஒருவருக்கு 50 சதுர அடிப் பரப்பு, குடிநீர், குளியலறை, கழிப்பறை, சமைக்கும் இடம், முதலுதவி ஆகியவை அந்த அளவுகோலின் உள்ளடக்கம். லட்சத்துக்கு நூறு என்பது ஆயிரத்துக்கு ஒன்று. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46,46,732. அவ்வாண்டு பிப்ரவரி 28 இரவில் எண்ணப்பட்ட வீடற்றோர் 16,682 பேர். அளவுகோலை ஒரு படுக்கைகூடக் குறையாமல் நிறைவேற்றியிருந்தாலும் ஏறத்தாழ 4,650 இடங்களே கிடைத்திருக்கும். எண்ணப்பட்டவர்களில் பத்தில் மூவருக்குக்கூட அவை போதா. ஒரே இரவில், நடைபாதையிலும் கோயில் வாசலிலும் ரயில் மேடையிலும் கண்ணில் பட்டவரை மட்டும் எண்ணும் முறை, மூடிய கடைகளின் பின்புறம் படுத்திருப்பவரையும் இரவுப் பணிக்குச் சென்றிருப்பவரையும் தவறவிடும் என்பதால், உண்மையான இடைவெளி இதைவிடப் பெரிதாகவே இருக்க முடியும். இலக்கை எட்டிவிட்டதாக ஒரு மாநகராட்சி அறிவிக்கும் நாளிலும் பெரும்பாலோர் வெளியில்தான் படுத்திருப்பார்கள் என்பது இக்கணக்கின் பொருள்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வேறொரு சிக்கல் வெளிப்படுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி அம்பத்தூரில் 4,66,205 பேரும், ஆவடியில் 3,45,996 பேரும், பூந்தமல்லியில் 57,224 பேரும் வாழ்ந்தனர். அம்பத்தூர் நகராட்சி அவ்வாண்டே சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலமாகி, பின்னர் 2018இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லியோ திருவள்ளூர் மாவட்டத்தின் நகராட்சியாக நின்றது. வாழ்வாதார இயக்கம் தொடக்கத்தில் லட்சம் பேருக்கு மேற்பட்ட நகரங்களையும் மாவட்டத் தலைநகரங்களையும் மட்டுமே கணக்கில் கொண்டதால், இரண்டிலும் சேராத பூந்தமல்லி போன்ற ஊர்கள் 2016இல் எல்லை விரிவாக்கப்படும்வரை வெளியிலேயே இருந்தன. ஆனால் வீடற்றவர் தங்கும் ஊரின் மக்கள்தொகையைப் பார்த்துத் தங்குவதில்லை. நெடுஞ்சாலை, பேருந்து நிலையம், அன்னதானம் நடக்கும் கோயில், அன்றாடக் கூலி கிடைக்கும் முனை ஆகியவைதான் அவரை ஓர் ஊருக்கு இழுக்கின்றன. பூந்தமல்லி, அதன் மக்கள்தொகை காட்டுவதைவிடப் பல மடங்கு பெரிய போக்குவரத்துச் சந்தி.

இந்த மூன்று ஊர்களையும் சேர்த்தால் அளவுகோலின்படி வேண்டிய இடங்கள் ஏறத்தாழ 870. ஒருவருக்கு 50 சதுர அடி என்றால் மொத்தம் 43,500 சதுர அடி. அது ஓர் ஏக்கர் பரப்புக்குச் சற்றே குறைவு. 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டை மட்டும் ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்திருக்கும் இந்த வட்டாரத்தில், அங்கு உழைக்க வந்து ஒதுங்க இடமின்றிப் போனவர்களுக்காக வழிகாட்டு நெறிகள் கேட்கும் தரைப்பரப்பு இவ்வளவுதான். நிலம் கிடைக்கவில்லை என்ற விளக்கத்தை எந்த மதிப்பீட்டாளரும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ஏற்கக் கூடாது.

காப்பகங்களைப் பற்றிய ஆய்வுக் கூட்டங்களில் முதலில் கேட்கப்படுவது நிறைவு விகிதம். அதாவது, ஓர் இரவில் தங்கியவர்களின் எண்ணிக்கையை மொத்த இடங்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் விழுக்காடு. கணக்கிட எளிது, பதிவேட்டைப் புரட்டினாலே கிடைத்துவிடும் என்பதால் இது செல்வாக்குப் பெற்றுவிட்டது. ஆனால் தனித்து நிற்கும்போது இந்த எண் எதையும் சொல்வதில்லை. நூறு விழுக்காடு நிறைந்த காப்பகம், தேவையுள்ள இடத்தில் அமைந்து நன்றாக நடப்பதாகவும் இருக்கலாம். வெளியேற வழியில்லாமல் அதே ஐம்பது பேர் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடப்பதாகவும் இருக்கலாம். பாதி காலியாக உள்ள காப்பகம், அப்பகுதியில் வீடற்றோர் குறைந்ததைக் காட்டலாம். பேருந்து எட்டாத மூலையில் கட்டப்பட்டதையோ, கழிப்பறை பழுதானதையோ, இரவில் தாமதமாக வருபவருக்குக் கதவு திறக்கப்படாததையோ கூடக் காட்டலாம். தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்துக் காலையில் உறங்க வேண்டிய தொழிலாளிக்கு, பகலில் பூட்டப்படும் கட்டடத்தால் பயன் ஏதும் இல்லை. நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியதன் நடைமுறைப் பொருள் இத்தகைய ஊர்களில்தான் தெளிவாகிறது.

எண்ணிக்கையிலும் ஒரு கலப்பு உண்டு. சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் உள்ள நாற்பதுக்கும் மேற்பட்ட காப்பகங்களில், பெரும்பாலானவற்றைத் தொண்டு நிறுவனங்கள் நடத்த, ஒரு பகுதி பெரிய அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுடன் வந்தவர்கள் தங்குவதற்காக அமைந்தவை. வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வந்த குடும்பம் மருத்துவமனை வளாகத்தின் வெறுந்தரையில் படுக்காமல் இருப்பது பெரிய ஆறுதல். அப்பணியைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை. எனினும் அவர்களுள் பெரும்பாலோருக்கு ஊரில் வீடு உண்டு, சிகிச்சை முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். அவர்கள் தங்கிய இரவுகளையும் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர் தங்கிய இரவுகளையும் ஒரே நிரலில் கூட்டினால், நிறைவு விகிதம் உயர்ந்து தெரியும், தங்கிச் சென்ற காலம் குறைந்து தெரியும், திட்டம் வெற்றி பெற்றதாகவும் தோன்றும். இரண்டையும் தனித்தனியே எழுதுவதற்குக் கூடுதலாக ஒரு நிரல் போதும்.

வராதவர்களைப் பற்றிய தகவல் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால், மதிப்பீட்டின் மிகக் கடினமான பகுதி அதுவே. சென்னையின் பழைய பகுதிகளில் நடைபாதை வாழ்க்கை பெரும்பாலும் குடும்ப வாழ்க்கை. ஆண், பெண், சிறுவர், முதியோர் என்று பிரித்து நடத்தப்படும் காப்பகத்துக்குள் ஒரு குடும்பம் நுழைய வேண்டுமானால் முதலில் அது கலைய வேண்டும். தள்ளுவண்டியோ பழைய பொருள் மூட்டையோ வைத்துப் பிழைப்பவர் அதை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து உறங்க மாட்டார். குடிப்பழக்கம் உள்ளவரையும் மனநோய் முற்றியவரையும் பொதுக் காப்பகத்தின் ஒரே ஒரு பராமரிப்பாளரால் கையாள முடியாது. அவர்களுக்கு வேறு வகைத் துணை தேவை. அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரில், தெருவில் திரியும் மனநலம் குன்றிய பெண்களுக்காக 1993இல் தொடங்கப்பட்ட ‘பான்யன்’ அமைப்பின் அனுபவம் இதைக் காட்டியது. அத்தகையோருக்கான அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் தமிழக அரசு மாவட்டங்களில் 2018 முதல் திறந்துவருவதும் இந்தத் தேவையை ஒப்புக்கொண்டதன் அடையாளம். எனவே காப்பகத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இரவில் நடந்து, வெளியில் படுத்திருப்பவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதுவதை, உள்ளே இருப்பவர்களிடம் திருப்தியா என்று கேட்பதற்கு முன்னரே செய்ய வேண்டும்.

ஆயினும் எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி, வெளியேறியவர் எங்கே சென்றார் என்பது. தற்காலிகக் காப்பகத்தின் நோக்கமே அது தற்காலிகமாக இருப்பதுதான். அமெரிக்காவில் 2009இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் ஒவ்வொரு வட்டாரமும் மூன்று செய்திகளை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டியிருக்கிறது: ஒருவர் எத்தனை நாள் வீடற்ற நிலையில் இருந்தார், நிலையான வீட்டுக்கு எத்தனை பேர் சென்றனர், அவ்வாறு சென்றவர்களில் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் மீண்டும் தெருவுக்கு வந்தவர் எத்தனை பேர். வீடற்றோரின் எண்ணிக்கையைக் குறைப்பதில் அந்நாடு வெற்றி பெற்றதாகச் சொல்ல இயலாது. ஆனால் தோல்வியைக்கூட எண்ணால் அறியும் ஏற்பாடு அங்கே உள்ளது. மேற்குப் புறநகரில் இந்த மூன்றாவது எண்ணைக் கணக்கிட இன்றைய அமைப்பு இடம் தராது. அம்பத்தூரில் ஒரு காப்பகத்தை விட்டு வெளியேறிய முதியவர் மின்சார ரயிலில் ஏறி மூன்றாவது நிலையமான ஆவடியில் இறங்கி மேடையில் படுத்தால், சென்னை மாநகராட்சியின் ஏட்டில் அவர் வெளியேறியவர். ஆவடி மாநகராட்சியின் ஏட்டில், அங்கே எவரேனும் அவரைப் பார்த்து எழுதினால், புதியவர். இரண்டு மாவட்டங்களிலும் மூன்று உள்ளாட்சிகளிலும் பிரிந்து கிடக்கும் ஒரே வட்டாரத்துக்கு ஒரே பதிவேடு இல்லாதவரை, ஒரு மனிதரின் அலைச்சல் இரண்டு அலுவலகங்களின் சாதனையாக எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும்.

வெளியேறியவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து நடத்துநருக்குப் பணம் கொடுத்தால் வேறொரு தீங்கு விளையும். வேலை கிடைத்து விரைவில் போய்விடக்கூடிய இளைஞரையே அவர் சேர்த்துக்கொள்வார்; பக்கவாதம் வந்த மூதாட்டிக்கு இடம் இல்லை என்பார். முடிவு நன்றாக அமையும் ஆட்களையே பொறுக்கியெடுப்பதால் திட்டம் நன்றாகத் தோன்றும் இந்தக் கோளாறைப் புள்ளியியலில் தேர்வுச் சாய்வு என்பர். அதைத் தவிர்க்க ஒத்த நிலையில் உள்ளவர்களையே ஒப்பிட வேண்டும். கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநோயுடன் வீடின்றி வாழ்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நிபந்தனையின்றி முதலிலேயே வீடும் துணையும் தரப்பட்டன. மற்றவர்கள் வழக்கமான சேவைகளோடு விடப்பட்டனர். ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில் முழுநேரமும் வீட்டில் இருந்தவர்கள் முதல் பிரிவில் 62 விழுக்காடு, மற்றதில் 31 விழுக்காடு. ஃபின்லாந்து இதே நம்பிக்கையில் 2008 முதல் பெரிய விடுதிகளையே குடியிருப்புகளாக மாற்றி வருகிறது. தமிழகத்தின் வாடகையும் வருமானமும் வேறு என்றாலும், காப்பகத்துக்கு வெளியே செல்ல வீடு இருந்தால்தான் காப்பகம் காப்பகமாகச் செயல்பட முடியும் என்பது இங்கும் பொருந்தும். அத்திப்பட்டிலும் குத்தம்பாக்கம் அருகே கூடப்பாக்கத்திலும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டிய அடுக்குமாடிகள் இதே வட்டாரத்தில்தான் நிற்கின்றன. அவற்றில் காப்பகங்களிலிருந்து சென்றவர்களுக்கு எத்தனை வீடு ஒதுக்கப்படுகிறது என்பதும் காப்பக மதிப்பீட்டின் பகுதியாக வேண்டும்.

பணத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். ஐம்பது பேருக்கான காப்பகத்தை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று வாழ்வாதார இயக்கம் வகுத்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 33 ரூபாய். இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்க மூன்று பராமரிப்பாளர்கள் வேண்டும். மாதம் 10,000 ரூபாய் என்ற மிகக் குறைந்த ஊதியம் கொடுத்தாலும் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் அதற்கே போய்விடும். எஞ்சியதில் மின்சாரம், தண்ணீர், துப்புரவு, போர்வை, பழுதுபார்ப்பு எல்லாம் முடிந்த பிறகு, ஆதார் அட்டைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மருத்துவமனைக்கும் ஒருவரை அழைத்துச் செல்லும் சமூகப் பணியாளருக்கு என்ன மிஞ்சும்? வெளியேற்றம் நிகழ்வது அந்தப் பணியாளரின் உழைப்பால்தான். அவருக்கான தொகையை ஒதுக்காமல் வெளியேற்றத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

காப்பகத்தை அளக்கும்போது, ஒருவர் தன் விருப்பத்தால் வந்தாரா என்பதையும் அளக்க வேண்டும் என்பதற்கு இந்த வட்டாரத்தின் வரலாறே காரணம். பிச்சையெடுப்பதைத் தடுக்கும் 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களை வைப்பதற்காக அரசு நடத்திய பராமரிப்பு முகாம் திருவள்ளூர் மாவட்டத்து மேல்பாக்கத்தில்தான் அமைந்தது. முக்கியப் பிரமுகர் வருகைக்கு முன் தெருக்களைத் துடைத்து ஆட்களை வண்டியில் ஏற்றினாலும் நிறைவு விகிதம் ஒரே இரவில் நூறைத் தொடும். ஆகவே பதிவேட்டில் வருகையின் வழி எழுதப்பட வேண்டும்: தானாக வந்தாரா, அண்டை வீட்டார் அழைத்து வந்தனரா, காவலர் கொண்டுவந்தனரா. ஊரக வேலைத் திட்டத்துக்காக ஏற்கெனவே இயங்கும் தமிழ்நாடு சமூகத் தணிக்கைச் சங்கம் போன்ற ஓர் அமைப்பு, நடத்துநருக்கும் மாநகராட்சிக்கும் கட்டுப்படாமல் இவ்வேட்டைச் சரிபார்த்து, தங்கியிருப்பவர்கள் முன்னிலையிலேயே படித்துக்காட்டலாம்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. வழக்கப்படி வீடற்றோர் அதற்கு முந்தைய இரவில் எண்ணப்படுவர். அந்த ஓர் இரவுக்காக அம்பத்தூர் மண்டலமும் ஆவடி மாநகராட்சியும் பூந்தமல்லி நகராட்சியும், தெருவோரத்தில் வாழ்பவர்களையே வழிகாட்டிகளாக வைத்துத் தங்கள் பகுதிகளின் படுக்கும் இடங்களை முன்கூட்டியே வரைபடமாக்கினால், லட்சத்துக்கு நூறு என்ற ஊகத்துக்குப் பதிலாக இவ்வட்டாரத்துக்கென உண்மையான ஓர் எண் கிடைக்கும். அந்த வரைபடத்தில் ரயில்வேக்குச் சொந்தமான மேடைகளையும் அறநிலையத் துறைக்குச் சொந்தமான கோயில் வாசல்களையும் எந்த அலுவலகம் குறிப்பது என்பதை இப்போதே தீர்மானித்தாக வேண்டும்.