காகிதச் சுவர்

மராத்தான், டெக்சாஸ்

‘ஈவ்ஸ் கார்டன்’ விடுதியின் சுவர்கள் பேப்பர்கிரீட்டால் ஆனவை: ஊறவைத்து அரைத்த பழைய தாளும் சிமெண்டும். வெந்தயம் சேர்த்துக் காகிதக் கூழில் கூடை செய்வோமே, ஏறக்குறைய அதே பக்குவம்.

மெச்ச வேண்டியது இப்பாலை நிலக் கட்டுநர்கள் கையாளும் அரவைக் கருவியை. பழைய காரின் பின் அச்சின் மேல் ஒரு தொட்டி. உள்ளே புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடு. வண்டியில் கட்டி இழுத்தால் சக்கரம் உருள, பிளேடு சுழன்று கூழாக்கிவிடும்; தனியே மோட்டார் வேண்டாம்.

அந்தக் கூழை வார்த்துக் காயவைத்த கல் லேசானது. ரம்பத்தால் அறுக்கலாம், திருகாணி நேராக இறங்கும். வெயில் சூட்டை நன்றாகத் தடுக்கும். ஈரம்தான் எதிரி: பூச்சில்லாத கல் நீரை உறிஞ்சும். ஆகவே மண்ணில் பதியும் அடித்தளத்துக்கு இது உதவாது.