மங்கிப்போன கடை போர்டுக்கு வயசு கணக்கிடுவது எப்படி?

பழைய கடைத்தெருவில் நடக்கும்போது கொஞ்சம் அண்ணாந்து பாருங்க. கீழே இருக்கும் ஷட்டரும் ஃப்ளெக்ஸும் போன வருஷத்தவையாக இருக்கலாம். மேலே சுவரில் பாதி அழிந்த எழுத்து ஏதாவது தெரியும். அது எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்கக் கல்வெட்டு அறிஞராக இருக்க வேண்டியதில்லை, சில தேதிகள் தெரிந்தால் போதும். சென்னையை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விதி. போர்டில் இருக்கிற புதிய அம்சத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். பழைய அம்சத்தை ஒரு துப்பாக மட்டும்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஏன்னா, பழைய வழக்கத்தை எத்தனை வருஷம் கழித்தும் ஒருத்தர் தொடரலாம். இன்னும் வராத ஒன்றை யாராலும் எழுத முடியாது.

பின்கோடையே எடுத்துக்கங்க. ஆறு இலக்க எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது. அதற்கு முன் மயிலாப்பூர் என்றால் 'சென்னை-4', ஜார்ஜ் டவுன் என்றால் 'சென்னை-1'. அந்த எண்களே பிறகு 600 004, 600 001 என்று வாலில் ஒட்டிக்கொண்டன. ஆக, '600 004' என்று இருந்தால் அந்த எழுத்து 1972க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஆனா வெறும் '4' இருக்கிறதால் அது 1972க்கு முந்தியது என்று முடிவு கட்டக் கூடாது. ஜனங்க பழகின முகவரியை அப்புறமும் அப்படியேதான் எழுதிட்டு இருந்தாங்க.

அடுத்து எழுத்து வடிவம். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணையிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகள் மாறின. பழைய 'லை'யில் இன்றைக்குத் தனியாக நிற்கும் ஐகாரக் குறி இருக்காது. யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு எழுத்தோடேயே சேர்ந்திருக்கும். பழைய 'ணா'வுக்குத் தனியாகக் கால் கிடையாது. எழுத்தே கீழே சுழித்துக்கொண்டு போகும். மேலே சொன்ன விதி இங்கேயும் பொருந்தும். பழைய வடிவத்தில் கை பழகின பெயின்டர் 1985இலும் அப்படியே எழுதியிருக்கலாம். இதில் ஒரு விலக்கும் உண்டு. பெரியார் இந்தப் புது வடிவங்களை 1935லேயே தன் பத்திரிகையில் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார். அதனால் திராவிடர் கழகம் சார்ந்த இடங்களில் புதிய 'லை' 1978க்கு முன்பே இருக்க வாய்ப்புண்டு.

ஊர்ப் பெயரில் பலர் ஏமாறுவாங்க. 'மெட்ராஸ்' அதிகாரபூர்வமாக 'சென்னை' ஆனது 1996இல். ஆனால் தமிழில் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே 'சென்னை' என்றுதான் எழுதி வந்தார்கள். எனவே தமிழ் எழுத்தில் 'சென்னை' என்றிருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆங்கில வரியைத்தான் பார்க்கணும். டெலிபோன் எண்ணும் உதவும். ஏழு இலக்க எண்களின் முன்னால் 2 சேர்ந்து எட்டு இலக்கமானது 2000களின் தொடக்கத்தில்.

கட்டடத்தின் வயசும் போர்டின் வயசும் ஒன்றாக இருக்கணும்னு இல்லை. கட்டடத்துக்கு முகப்பைப் பாருங்க, சுதையில் வருஷம் எழுதியிருப்பார்கள். சிலவற்றில் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருக்கும். அது 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 'விரோதி' என்றால் 1889, 1949, 2009 மூன்றுமே பொருந்தும். உள்ளே தேக்கு உத்திரமும், செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையும் இருந்தால் 2009ஐத் தாராளமாக விட்டுவிடலாம். மற்ற இரண்டில் எது என்பதற்குப் பத்திரம்தான் பதில் சொல்லணும்.

இதையெல்லாம் எதுக்குப் பார்க்கணும்? போர்டில் கடைப்பெயர் மட்டுமா இருந்தது? ஒரு காலத்தில் ஓட்டல் பெயர்களோடு 'பிராமணாள்' என்ற சொல்லும் சேர்ந்திருந்தது. அதை எடுக்கச் சொல்லி 1957இல் பெரியார் போராட்டம் அறிவித்தார். திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். இன்றைக்கு இருபது வயசில் இருக்கிறவங்க கிட்ட ஒரு சொல்லுக்காக ஜெயிலுக்குப் போனாங்கன்னு சொன்னா ஆச்சரியப்படுவாங்க. பழைய போர்டில் ஒரு சொல் அளவுக்குத் தனியாகப் பெயின்ட் பூசிய திட்டு இருந்தாலோ, பெயர் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாலோ, அங்கே என்ன இருந்தது என்று கேட்கலாம். வெற்றிடம் எதையும் நிரூபிக்காது. ஆனா பக்கத்துக் கடைப் பெரியவரிடம் பேச்சை ஆரம்பிக்க அது போதும்.

நீங்க போகிறதாக இருந்தால், காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போங்க. புடைத்த எழுத்தின் நிழல் அப்போதுதான் தெளிவாக விழும். மழை பெய்து சுவர் நனைந்திருக்கும்போது மங்கிய பெயின்ட் இன்னும் நன்றாகத் தெரியும். போட்டோவோடு தெருப் பெயர், தேதி, கதவு எண் எல்லாம் குறிச்சு வைங்க. பழைய எண், புதிய எண் ரெண்டும் வேணும். பழைய பத்திரங்களில் தேடும்போது பழைய எண்தான் கைகொடுக்கும். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் முன்னால் கடைகளுக்கு வெள்ளையடிப்பாங்க. அதுக்குள்ள ஒரு நடை போயிட்டு வந்துடுங்க.