காசிமேடு மீன், எண்ணூர் கருவாடு: சமூக வலைதளத்தில் தினமும் எதைப் பதிவிடலாம்?

மீன், கருவாடு, மீன் ஊறுகாய் விற்கும் மகளிர் குழுவினர் பலரிடம் இன்று வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் கணக்குகள் உள்ளன. ஆனால் தொடங்கிய இரண்டு வாரத்தில் பெரும்பாலான பக்கங்கள் ஓய்ந்துவிடுகின்றன. வடசென்னையில் நடந்த ஒரு பயிற்சியில் ஓர் அக்கா கேட்ட கேள்வி இது: "தினமும் அதே மீன்தான் மேடம், புதுசா என்னத்தப் போடறது?" பதிவுக்கான விஷயத்தை வெளியே தேட வேண்டியதில்லை. அன்றாட வியாபாரத்திலேயே அது இருக்கிறது.

வாடிக்கையாளர் கேள்விகளே முதல் மூலதனம்

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில், வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகளை அப்படியே எழுதி வையுங்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு பதிவு. சில எடுத்துக்காட்டுகள்:

• புது மீனை எப்படிக் கண்டறிவது? கண் தெளிவாகப் புடைத்தும், செவுள் சிவப்பாகவும், சதை அழுத்தினால் மீண்டும் எழும்பியும் இருக்க வேண்டும். நல்ல மீன், பழைய மீன் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.
• ஒரு கிலோ வாங்கினால் சுத்தம் செய்தபின் எவ்வளவு மிஞ்சும்? வெட்டுவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்துப் படம் எடுங்கள். எடை பற்றிய சந்தேகம் இதிலேயே தீர்ந்துவிடும்.
• மத்தியும் சாளையும் ஒன்றா? ஒன்றுதான். சென்னையில் கானாங்கெளுத்தி என்பது தென்மாவட்டங்களில் அயிலை. ஊருக்கு ஊர் மாறும் பெயர்களைப் பற்றிய பதிவுக்கு வாசகர்களே பதில் எழுதுவார்கள்.

வேலையைக் காட்டுங்கள்

விடியும் முன் காசிமேட்டில் நடக்கும் ஏலம், மீனும் ஐஸும் சம எடையில் அடுக்கும் முறை, கருவாட்டை மணலில் போடாமல் உயரமான வலைத்தட்டில் காயவைப்பது ஆகியவற்றை 30 நொடி வீடியோவாக எடுக்கலாம். உங்களுக்குப் பழகிப்போன வேலை, அண்ணா நகரில் இருந்து வாங்குபவருக்குப் புதிது. ஏலத்தில் பிறர் முகம் தெரிந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டுப் பதிவிடுங்கள்.

காலண்டரைப் பயன்படுத்துங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்குத்தான் இந்தத் தடை. பாரம்பரியப் படகுகள் கடலுக்குச் செல்லும். "தடைக்காலத்தில் உங்களுக்கு மீன் எப்படிக் கிடைக்கிறது?" என்ற சந்தேகத்துக்கு இதுவே பதில். மார்ச்சிலேயே கருவாட்டு முன்பதிவைத் தொடங்கலாம். நவம்பரில் மழையால் கருவாடு காயவில்லை என்றால் தாமதத்தையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஈரம் போகாத கருவாட்டை அனுப்பிப் பெயரைக் கெடுத்துக்கொள்வதைவிட இது மேல்.

நெருக்கடியில் மௌனம் வேண்டாம்

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. இதுபோன்ற நேரத்தில் அந்த நீரில் பிடிக்காத மீனுக்கும் வாங்குபவர்கள் தயங்குவார்கள். தினமும் "இன்று எந்தக் கடற்பகுதியில், எந்த வகைப் படகில் பிடித்த மீன்" என்று பதிவிட்டு வந்தவரிடம் அப்போதும் கேட்டு வாங்க ஆள் இருக்கும். அந்தப் பழக்கத்தை நல்ல காலத்திலேயே தொடங்க வேண்டும். பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் "முற்றிலும் பாதுகாப்பானது" என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஒரு மீன், நான்கு பதிவு

நெத்திலி வந்த நாளில் ஒன்று விலை, இரண்டு சுத்தம் செய்யும் முறை, மூன்று வீட்டுக் குழம்பு, நான்கு அதையே கருவாடாக்கும் விதம். நான்கு நாளுக்குப் போதுமான விஷயம் இது. வாரம் மூன்று பதிவு தவறாமல் போட்டாலே போதும்.

கவனிக்க வேண்டியவை

• வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறையும். அன்றைய விலைக்கு அது ஏற்றது. செய்முறை வீடியோக்களை யூடியூப், இன்ஸ்டாகிராமில் வையுங்கள்.
• பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போகும். எனவே முதல் ஆர்டரின்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.
• இணையத்தில் எடுத்த மீன் படங்களைப் போடாதீர்கள். வந்து சேரும் பொருள் வேறாக இருந்தால் வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.
• "இந்த நோய் குணமாகும்" என்று எழுதாதீர்கள். கருவாட்டில் உப்பு அதிகம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அளவோடு சாப்பிடச் சொல்வதே நேர்மை.
• பொட்டலத்தில் தயாரித்த தேதியும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எண்ணும் தெரியும்படி படம் எடுங்கள்.

கீரை, காளான், நாட்டுக்கோழி முட்டை விற்கும் விவசாயிகளுக்கும் இதே முறை பொருந்தும். இன்று உங்களிடம் வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வியை எழுதி வையுங்கள். நாளைய பதிவு தயார்.