நீலஒளியும் நித்திரையும்



மூக்குக்கண்ணாடி என்பது பார்வை குறைந்தவர்கள் அணிவது என்றே நாம் நெடுங்காலமாக எண்ணி வந்தோம். அண்மைக் காலத்திலோ, பார்வையில் யாதொரு குறையும் இல்லாதவர்களும் அணிய வேண்டியது என்று சொல்லப்படும் ஒருவகைக் கண்ணாடி கடைகளுக்கு வந்திருக்கின்றது. நீலஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று அதனை அழைக்கின்றார்கள். கைத்தொலைபேசியும் கணினியும் பார்ப்போர் அதனை அணிந்தால் கண் களைப்படையாது, இரவில் நல்ல நித்திரையும் வரும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. இக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குச் செல்லும் மலைப்பாதையிலே இரவு எட்டு மணியளவில் பயணஞ் செய்வோர், லயன்களின் சன்னல்களில் ஒரு மாறுதலைக் காண்பர். முன்னாளில் அங்கே மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கின் செவ்வொளி மங்கலாகத் தெரிந்தது. இன்று வெண்ணிற மின்குமிழின் ஒளியும், அதன் அருகே கைத்தொலைபேசித் திரையின் ஒளியும் தெரிகின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, திரை என்பது பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமாகவே ஆயிற்று. இதே பதுளை மாவட்டத்தில், லுணுகலைப் பகுதிப் பிள்ளைகள் இணையத் தொடர்பு கிடைக்கும் பொருட்டு, மலையுச்சியிலே மரத்தின் மேல் அமைத்த பரணில் ஏறிப் பாடங்கேட்ட செய்தி 2021ஆம் ஆண்டில் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. நோய் தணிந்து பாடசாலைகள் திறந்தன. ஆயினும் திரை வீட்டை விட்டுப் போகவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, "கண் எரிகிறது, தலை வலிக்கிறது, நித்திரை வரவில்லை" என்று சொல்லும்போது, அந்தப் புதுக் கண்ணாடியை வாங்கிக் கொடுக்கலாமா என்று பெற்றோர் யோசிப்பது இயல்பே. கொழுந்து பறித்துப் பெற்ற பேரிலிருந்து அதற்குப் பணம் எடுத்து வைக்க வேண்டியவர்களுக்கு இஃது அற்ப விடயமன்று.

முதலில் நீலஒளி என்பது யாது என அறிவோம். நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளி ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீற்றர் வரையுள்ள அலைநீளங்களைக் கொண்டது. அவற்றுள் 400 முதல் 500 வரையுள்ள பகுதியையே பொதுவாக நீலஒளி என்கின்றோம். இதனைப் பெருமளவில் நமக்கு வழங்குவது சூரியனே. வானம் நீலமாகத் தோன்றுவதும் சூரிய ஒளியின் நீலப் பகுதி காற்றிலே மிகுதியாகச் சிதறுவதனாலேயாகும். மின்குமிழிலும் திரையிலும் நீலஒளி வந்த வரலாறு வேறு. நீலஒளி உமிழும் டயோட்டைக் கண்டுபிடித்தமைக்காக அகசாக்கி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த நீலஒளியின் மேல், மஞ்சள் ஒளி தரும் பூச்சொன்றைப் பூசி வெள்ளொளி பெறுவதே இன்றைய எல்.ஈ.டி. குமிழின் சூட்சுமம். ஆகவேதான் அக்குமிழிலும் திரையிலும் நீலப் பகுதி, குப்பி விளக்கின் சுடரில் உள்ளதைக் காட்டிலும் கூடுதலாக இருக்கின்றது.

கூடுதல் என்றவுடன் அஞ்ச வேண்டியதில்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்னும் அலகினால் அளப்பார்கள். நண்பகல் வெயிலில் நிற்பவர்மேல் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் ஒளி விழுகின்றது. மேகம் மூடிய பகலிலும் அது பத்தாயிரம் அளவில் இருக்கும். கையிலே பிடித்த தொலைபேசித் திரையிலிருந்து நம் கண்ணை அடையும் ஒளியோ நூறு லக்ஸைத் தொடுவதும் அரிது. மலையிலே நாள் முழுவதும் வேலை செய்யும் ஒருவரின் கண்ணுக்குள் பகலில் புகும் நீலஒளியோடு ஒப்பிட்டால், திரையின் நீலஒளி மலைமுன் மடுப்போலாகும். சூரியனை நேரே உற்று நோக்கினால் விழித்திரை கெடும் என்பது மெய். திரையின் ஒளி விழித்திரையைக் கெடுக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

அப்படியாயின் திரையைப் பார்க்கக் கண் ஏன் களைக்கின்றது? இதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று உண்டு.

முதலாவது, அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது கண்ணின் உள்ளே இருக்கும் சிறு தசைகள் சுருங்கி வில்லையின் வளைவை மாற்றுகின்றன. ஒரு சாண் தூரத்திலே தொலைபேசியைப் பிடித்து, இரண்டு மணித்தியாலம் இமைகொட்டாமல் பார்த்தால், சுமை தூக்கிய தோள் வலிப்பது போலவே அத்தசைகளும் களைக்கின்றன.

இரண்டாவது, கண் வறட்சி. நாம் சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் இமைக்கின்றோம். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணீர் மெல்லிய படலமாக விழியின் மேல் பரவுகின்றது. திரையை உற்றுப் பார்க்கையில் இமைத்தல் பாதியாகக்கூடக் குறைந்து விடுகின்றது. அதனால் எரிச்சலும் உறுத்தலும் உண்டாகின்றன. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைச்சரிவுகளில் வறண்ட காற்று வீசுவதை நாம் அறிவோம். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஊட்டும் அதே காற்று, கண்ணின் ஈரத்தையும் உலர்த்த வல்லது.

மூன்றாவது காரணமே பெற்றோர் மிகவும் கவனிக்க வேண்டியது. பிள்ளைக்குத் தூரப்பார்வையோ, கிட்டப்பார்வையோ, விழியின் வளைவில் ஒழுங்கீனமோ இருந்து, அதனை எவரும் அளந்து பாராதிருக்கலாம். அத்தகைய கண் எதையேனும் படிக்கும்போது தன் சக்திக்கு மேல் முயல்கின்றது. தலைவலி அதன் அறிகுறியாகின்றது.

இம்மூன்று காரணங்களுள் ஒன்றையேனும் நீலஒளி தடுக்கும் கண்ணாடி தீர்க்குமோ? தீர்க்காது என்பதே ஆராய்ச்சி காட்டுவது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கொக்ரேன் என்னும் மருத்துவச் சான்றாய்வு அமைப்பு, அவுஸ்திரேலியாவின் மெல்பேண் பல்கலைக்கழக அறிஞர்களின் தலைமையில் நடந்த ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. ஆறு நாடுகளில் நடந்த 17 பரிசோதனைகள் அதிலே ஒருங்கு சேர்த்து ஆராயப்பட்டன. சாதாரணக் கண்ணாடி அணிந்தவர்களுக்கும், நீலஒளி தடுக்கும் கண்ணாடி அணிந்தவர்களுக்கும் இடையே, திரை பார்ப்பதனால் வரும் கண் களைப்பில் குறுகிய காலத்தில் வேறுபாடு இருப்பதாகத் தோன்றவில்லை என்பது அதன் முடிவு. இதற்கான காரணத்தை உணர்வதும் கடினமன்று. கடையில் விற்கும் நிறமற்ற நீலஒளித் தடுப்புக் கண்ணாடி, நீலஒளியில் நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து பங்கையே தடுக்கின்றது. எஞ்சியது கண்ணுக்குள் புகவே செய்கின்றது. பிரித்தானியாவிலே பெரிய கண்ணாடி வியாபார நிறுவனம் ஒன்று, இவ்வகைக் கண்ணாடியைப் பற்றி மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் செய்தமைக்காக 2017ஆம் ஆண்டில் 40,000 பவுண் அபராதம் செலுத்த நேர்ந்தது.

நேயர்களே, இதிலிருந்து மூக்குக்கண்ணாடியே வீண் என்று எண்ணிவிடலாகாது. தேயிலைத் தொழிலாளரைக் கொண்டே நடந்த ஓர் ஆராய்ச்சியை இங்கே எடுத்துக்காட்டுவது பொருத்தமாகும். நாற்பது வயதுக்கு மேல் எவருக்கும் அருகிலுள்ளவை மங்கலாகத் தெரியும். இதனை நாம் வெள்ளெழுத்து என்கின்றோம். இந்தியாவின் அசாம் மாநிலத் தோட்டங்களிலே, நாற்பதும் அதற்கு மேலும் வயதுடைய 751 கொழுந்து பறிப்போரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் வெள்ளெழுத்துக் கண்ணாடியை முதலிலே கொடுத்தார்கள். கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்தின் நிறை, பெறாதவர்களோடு ஒப்பிடுமிடத்து நூற்றுக்கு 21.7 பங்கு கூடுதலாக உயர்ந்தது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது. விலையுயர்ந்த கண்ணாடியுமன்று, எளிய கண்ணாடியே. கண்ணின் குறையை அளந்து, அதற்கேற்ற வில்லையைக் கொடுத்தமையே அதன் வெற்றிக்குக் காரணம்.

ஆகவே பிள்ளைக்குத் தலைவலி என்றால், முதலில் செய்ய வேண்டியது கண்பரிசோதனை. பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது பார்வையும் சோதிக்கப்படுகின்றது; அந்த நாளிலே பிள்ளையைத் தவறாமல் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும். குறை இருப்பதாகச் சொன்னால், பதுளை அரசாங்க வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். நீலஒளிக் கண்ணாடியை வாங்கிப் போட்டுவிட்டு, "கண்ணுக்கு வேண்டியதைச் செய்துவிட்டோம்" என்று இருந்துவிட்டால், அளக்கப்படாத குறை அப்படியே வளரும். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்ற பழமொழி இங்கே நினைவுகூரத் தக்கது.

இனி நித்திரைக்கு வருவோம். இவ்விடயத்தில் நீலஒளிக்குப் பங்குண்டு என்பதை விஞ்ஞானம் உறுதியாகக் கூறுகின்றது.

நம் மூளையிலே ஒரு கடிகாரம் உண்டு. இருள் சூழ்ந்ததும் அது கட்டளையிட, மூளையின் நடுவிலுள்ள ஒரு சிறு சுரப்பி, மெலற்றோனின் என்னும் சுரப்பை இரத்தத்தில் கலக்கின்றது. "இரவு வந்தது" என்று உடம்புக்கு அறிவிக்கும் தூது அதுவே. இந்தச் சுரப்பை 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஆரன் லேர்னர் பிரித்தெடுத்தார். கடிகாரத்துக்கு இரவும் பகலும் எவ்வாறு தெரிகின்றன என்பது பின்னர் விளங்கிற்று. 1998ஆம் ஆண்டில் புரொவென்சியோ என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் தவளையின் தோலிலே மெலனோப்சின் என்னும் ஒளியுணர் பொருளைக் கண்டனர். அதே பொருள் மனிதனின் விழித்திரையிலும் இருப்பது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. உருவங்களைக் காண்பது அதன் தொழிலன்று. வெளியே வெளிச்சம் உண்டா, இருள் உண்டா என்று கடிகாரத்துக்குச் சொல்வதே அதன் தொழில். அந்தப் பொருள் 480 நானோமீற்றர் அளவிலுள்ள நீலஒளிக்கே மிகுதியாக விழிப்படைகின்றது. பகல் வானத்தின் நிறத்தை அது பகலின் அடையாளமாகக் கொண்டிருக்கின்றது எனலாம். இரவு பத்து மணிக்கு அந்நிறம் கண்ணில் விழுந்தால், கடிகாரம் இன்னும் பகல் கழியவில்லை என மயங்குகின்றது.

இந்த மயக்கம் எவ்வளவு? 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்விலே, 12 பேர் சில இரவுகளில் அச்சுப் புத்தகத்தையும், சில இரவுகளில் ஒளிரும் திரையையும் படுக்குமுன் நான்கு மணித்தியாலம் படித்தனர். திரை படித்த நாள்களில் மெலற்றோனின் சுரப்பு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பிந்தியது. நித்திரை வருவதற்கு ஏறத்தாழப் பத்து நிமிடம் கூடுதலாகச் சென்றது. எனினும் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் 2016ஆம் ஆண்டில் நடந்த ஆய்வு மற்றொரு பக்கத்தைக் காட்டிற்று. பகலிலே ஆறரை மணித்தியாலம் நல்ல வெளிச்சத்தில் இருந்தவர்கள், இரவில் இரண்டு மணித்தியாலம் திரையில் படித்தபோதும் அவர்களுடைய மெலற்றோனின் குறையவில்லை. பகல் வெளிச்சம் போதுமான அளவு பெற்ற கடிகாரம், இரவின் சிறு வெளிச்சத்தால் எளிதில் ஏமாறுவதில்லை.

இங்கே கண்ணாடிக்கு ஏதேனும் பயன் உண்டா? நிறமற்ற கண்ணாடி தடுப்பது சிறிதளவே என்று கண்டோம். செம்மஞ்சள் நிறக் கண்ணாடி மிகுதியாகத் தடுக்கும். நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், நித்திரையின்மையால் வருந்திய 14 பேர் படுக்குமுன் இரண்டு மணித்தியாலம் அத்தகைய கண்ணாடியை ஒரு வாரம் அணிந்து, ஓரளவு நன்மை பெற்றதாக 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பதினான்கு பேரைக் கொண்டு ஊருக்கெல்லாம் விதி வகுக்க முடியாது. நித்திரை பற்றிய பரிசோதனைகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்றே முன்னர்ச் சொன்ன மதிப்பாய்வும் கூறுகின்றது. கண்ணாடி தடுக்க முயலும் ஒளியை, திரையை மூடி முழுவதாகவே தடுத்துவிடலாம். அதற்குச் செலவும் இல்லை. மேலும், இரவில் நம்மை விழிக்க வைப்பது ஒளி மாத்திரமன்று. படமும், விளையாட்டும், நண்பரின் செய்தியும் மனத்தைக் கிளறி விடுகின்றன. இவற்றைத் தடுக்கும் கண்ணாடி எதுவும் இல்லை.

ஒற்றைக் காம்பராவில் குடும்பம் முழுவதும் உறங்கும் லயன் வீட்டிலே இவ்விடயம் ஒருவரோடு நிற்பதில்லை. பிள்ளை நள்ளிரவு வரை படித்தால், விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போக வேண்டிய தாயின் நித்திரையும் கெடுகின்றது. ஆகையால் சில எளிய முறைகளைக் கைக்கொள்ளலாம். திரையில் செய்ய வேண்டிய பாடங்களை மாலையிலே முடித்து, புத்தகத்திலும் கொப்பியிலும் படிப்பதைப் பின்னே வைத்துக்கொள்ளலாம். படுக்குமுன் ஒரு மணித்தியாலமாவது தொலைபேசியை எட்டாத இடத்தில் வைக்கலாம். தவிர்க்க முடியாதபோது திரையின் ஒளியைக் குறைத்து, தொலைபேசியிலேயே உள்ள மஞ்சள் ஒளி அமைப்பைப் பயன்படுத்தலாம். படிக்கும் விளக்கு மஞ்சள் ஒளி தருவதாகவும், புத்தகத்தின் மேல் மட்டும் விழுமாறு மறைப்பிட்டதாகவும் இருத்தல் நன்று. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோருக்கு எட்டு முதல் பத்து மணித்தியால நித்திரை வேண்டும். பரீட்சைக் காலத்தில் அதனைக் குறைப்பது, படித்ததை மனத்திலே பதியவிடாமல் தடுப்பதாகும்.

பகலிலே கண்ணைக் காக்கும் வழியும் எளிதே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, இருபது விநாடியாவது தூரத்தைப் பார்க்க வேண்டும். பூனாகலைப் பிள்ளைகளுக்கு வாசலில் நின்றாலே எதிர்மலை தெரியும். நகரத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் வாய்க்காத வசதி இது. சீனாவின் குவாங்சோ நகரப் பாடசாலைகளில், நாள்தோறும் நாற்பது நிமிடம் கூடுதலாக வெளியிலே விளையாட விட்ட பிள்ளைகளுள் மூன்றாண்டில் கிட்டப்பார்வை கண்டோர் நூற்றுக்கு 30.4 பேர், ஏனைய பிள்ளைகளுள் 39.5 பேர். காலை வெயில் நித்திரைக்கும் பார்வைக்கும் ஒருங்கே மருந்தாகின்றது. பகலிலே நீலஒளி நமக்கு வேண்டியதே. செம்மஞ்சள் கண்ணாடியைப் பகல் முழுவதும் அணிவது, கடிகாரத்துக்குப் பகலை மறைப்பதாய் முடியும்.

நேயர்களே, கண் களைத்தால் அதற்கு ஓய்வு கொடுங்கள். தலைவலி தொடர்ந்தால் பார்வையை அளந்து பாருங்கள். நித்திரை வராவிடில் திரையை நேரத்தோடு மூடுங்கள். இவற்றையெல்லாம் செய்த பின்னரும் கையில் பணம் மிஞ்சி, ஆசையும் மிஞ்சுமாயின் அந்தக் கண்ணாடியை வாங்கலாம். அதனால் பெருங்கேடு எதுவும் விளையாது. பிள்ளைக்குக் கண்ணாடிக்கென்று ஒதுக்கிய பணம் ஒன்றுதான் இருக்குமாயின், அது வைத்தியர் அளந்து எழுதிக் கொடுக்கும் கண்ணாடிக்கே செலவாகட்டும்.