முறையிடவும் வேதத்தில் இடமுண்டு

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் புது வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனம் எடுப்பது தென் தமிழகச் சபைகளில் ஊறிப்போன வழக்கம். சுரண்டை, வீரகேரளம்புதூர் வட்டாரமும் அதற்கு விலக்கல்ல. மழை பொய்த்துக் குளம் வறண்டாலும், பீடி சுற்றும் கைக்கு வேலை குறைந்தாலும், ஆஸ்பத்திரிச் செலவு கழுத்தை நெரித்தாலும், ஜெபம் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறது. இக்கட்டில் வேத வார்த்தையைச் சொல்லி ஜெபிப்பதில் தவறே இல்லை. ஆனால் வேதத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறோம். வாக்குறுதிகளை மனப்பாடம் செய்கிறோம். முறையீடுகளைத் தொடுவதே இல்லை.

வசன அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11-ஐயே பார்ப்போம். தம் ஜனத்தைப் பற்றிக் கர்த்தர் நினைப்பது தீமையல்ல, நன்மையே என்று சொல்லும் வசனம் அது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. கடிதம் கைக்கு வந்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை என்றுதானே அர்த்தம்? அதனால்தான் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார் எரேமியா. பத்தாம் வசனத்தை வெட்டிவிட்டுப் பதினோராம் வசனத்தை அச்சடிப்பவர்கள் தருவது பாதிக் கடிதம். மறுபக்கம், 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும். அவற்றிலும் 88ஆம் சங்கீதம் தனி ரகம். ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் இருளிலேயே முடிந்துபோகிறது. அதை எந்த அட்டையில் போடுவார்கள்?

கடவுளிடம் குறை சொல்வது அவிசுவாசம் இல்லையா என்று கேட்பவர்கள் யோபுவின் கடைசி அதிகாரத்தைப் படிக்கலாம். அங்கே கர்த்தர் கோபப்படுவது, தமக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள்மேல்; நிதானமாகப் பேசியவன் என்று அவர் சொல்வது, தம்மோடு வழக்காடிய யோபுவை. இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான சங்கதியும் அல்ல. திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கும் குறும்பலாவுக்கும் பதிகம் பாடிய சீமை இது. அந்தத் தேவாரத்திலேயே, சூலை நோயில் துடித்த அப்பர் அதிகை வீரட்டானத்தில் பாடிய முதல் பதிகம், அண்டியவர் துயர் தீர்ப்பது பெரியவர்கள் கடமையல்லவா என்று இறைவனையே கேட்கிறது. பார்வை பறிபோன சுந்தரர் திருவாரூரில் கெஞ்சவில்லை, இடித்துரைத்தார். இவற்றைத் திருமுறையில் சேர்த்தவர்கள் அவநம்பிக்கை என்று ஒதுக்கிவிடவில்லை. இன்றும் நோய் தீர அப்பரின் அந்தப் பதிகத்தை ஓதுகிறார்கள்.

சொந்த வார்த்தையில் மனம் திறந்து ஜெபிப்பதுதானே உண்மையான ஜெபம், இரவல் வார்த்தை எதற்கு என்றும் ஒரு கேள்வி உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் துக்கம் முதலில் பறிப்பதே பேச்சைத்தான். சிலுவையில் இயேசுவின் வாயில் வந்தது 22ஆம் சங்கீதத்தின் முதல் அடி. அதுவும் கைவிடப்பட்டவனின் கேள்வி. மீன் வயிற்றிலிருந்த யோனாவின் ஜெபமும் முக்கால்வாசி சங்கீத வார்த்தைகள். நெகேமியா மோசேயின் வார்த்தையை நினைப்பூட்டி ஜெபித்தார் என்றால், அதற்கு முன் உட்கார்ந்து பல நாள் அழுதார். பின்னால் ராஜாவிடம் போய் மரம் கேட்டுக் கடிதமும் வாங்கினார். அழுகை, வசனம், மனு மூன்றும் அவரிடம் ஒன்றாக இருந்தன.

வாக்குத்தத்தம் பலருக்குத் தெம்பு தருகிறதே என்பார்கள். தருகிறது, மறுக்கவில்லை. வருஷம் முடிந்தும் கடன் தீராதவரிடம், நோய் விடாதவரிடம் என்ன சொல்வது என்பதுதான் சிக்கல். “உங்களுக்கு விசுவாசம் பத்தல” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பட்ட காலிலேயே படும் என்பது இதுதான். அவர் வாயடைத்துப்போய், ஆலயத்துக்கு வருவதையும் மெல்லக் குறைத்துக்கொள்கிறார். அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்திருக்கும் ஆராதனையில், ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது 88ஆம் சங்கீதத்தை விளக்கம் எதுவும் சேர்க்காமல் சத்தமாக வாசிக்கலாம்.